பின்சக்கரத்தில் நடந்தவன்

தேரிக்காட்டுக்கு இந்தப் பக்கம் நடுவக்குடியிருப்பு, அந்தப் பக்கம் கடல், நடுவில் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியது போல மேடும் பள்ளமுமாகச் சிவந்த மணல். அந்த மணலில் மாட்டுவண்டி அச்சுவரை இறங்கிவிடும், மொபட் பாதி வழியில் படுத்துக்கொள்ளும், சைக்கிளில் போனவன் சைக்கிளைச் சுமந்துகொண்டு திரும்பி வருவான். ஆனால் அன்னபுஷ்பம் மட்டும் தினமும் காலையில் அதைக் கடந்து கடற்கரைக்குப் போய், வள்ளத்தில் வந்த மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மறுபடி அதே மணலைக் கடந்து வந்து, நடுவக்குடியிருப்பிலும் குருசுவிளையிலும் அதற்கப்பால் உள்ள சின்னச் சின்ன ஊர்களிலும் விற்றுவிட்டு வீடு திரும்புவாள். ஏனென்றால் அவளிடம் ஒரு டர்ட் பைக் இருந்தது.

அது வந்த கதை சின்னது. ஒரு வருஷம் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து தேரியில் பந்தயம் ஓட்டினார்கள். மட்கார்டு வானத்தைப் பார்க்க, டயர் முழுக்கப் பல்லைப் போலப் பட்டன்கள் துருத்திக்கொண்டு நிற்க, ஒல்லியும் உயரமுமாக இருந்த அந்த வண்டிகளின் பேரைச் சொல்ல ஊர் பழகுவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. கியர் உடைந்துபோன ஒரு வண்டியை ஏற்ற லாரியில் இடமில்லாமல் ஊர் மெக்கானிக் பொன்சிங்கின் பட்டறையில் தள்ளிவிட்டுப் போனார்கள். பொன்சிங் அதைப் பிரித்து, மாட்டி, ஓடவைத்து, அன்னபுஷ்பத்துக்குக் கொடுத்தான். சேலையை மடித்து வைத்துவிட்டுச் சுடிதாரும் அதன்மேல் ஓர் ஆண்சட்டையுமாக அவள் அதில் ஏறி உட்கார்ந்தபோது ஊர் கொஞ்ச நாள் வாயை மூடாமல் பேசியது. பிறகு, மீன் கெடாமல் வருகிறது என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் சுயம்பு, கொல்லத்துக்குப் பரோட்டா மாஸ்டராகப் போனவன். முதலில் வாரத்துக்கு ஒருமுறை போன் வந்தது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வந்தது, பிறகு அந்த நம்பரில் ஒரு பெண்குரல் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தது. புனலூரில் பார்த்தேன் என்றான் ஒருவன், கோட்டயத்தில் தாடியோடு பார்த்தேன் என்றான் இன்னொருவன், நான் பார்த்தவன் சுயம்பு இல்லை என்று முதலாமவன் பிற்பாடு மாற்றிச் சொன்னான். வருஷங்கள் போயின. சுயம்புவின் அம்மா கனியம்மாளும் அன்னபுஷ்பமும் ஒரே வளவில் இருந்தார்கள். கிணறு ஒன்று, அடுப்பு இரண்டு. அவர்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது.

ஓர் ஆடி மாதக் காற்றில் மணல் இடம் மாறி, அதுவரை புதைந்து கிடந்த ஒரு பனந்தூர், என்றோ வெட்டின பனையின் அடிக்கட்டை, வெளியே தலைகாட்டியது. வழக்கமான வேகத்தில் வந்த அன்னபுஷ்பத்தின் வண்டி அதில் மோதிப் பின்சக்கரம் சுட்ட அப்பளம் போல வளைந்தது. அந்தச் சக்கரத்தை இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்த பொன்சிங், தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி வேறு ஒரு சக்கரத்தைத் தேடிக்கொண்டு வந்தான்.

"வேற வண்டிச் சக்கரம் மயினி," என்றான். அவன் சுயம்புவின் சிநேகிதன், வயதில் இளையவன். "ஹப்பு ஒல்லியா இருக்கு. ரெண்டு பக்கமும் பைப்பை வெட்டி புஷ் போட்டுருக்கேன். செயின் நேரா ஓடுது, பிரேக்கும் பிடிக்கும். ஆனா ரிம்முதான் நடுவுல நிக்கல, இடப்பக்கமா ரெண்டு விரக்கடை தள்ளி நிக்கி."

"ஓடுமா?"

"ஓடும். கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, ஸ்போக்கெல்லாம் மணல்ல உக்காந்த பெறவு கோட்டம் எடுத்து நடுவுல கொண்டாந்து வெச்சிருதேன்."

இப்படியாக அந்தச் சக்கரம் அவள் வண்டியில் ஏறியது. மறுநாள் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் இழுக்கிற வண்டியை வலப்பக்கம் பிடித்து நிறுத்தி நிறுத்தித் தோள் கடுக்கக் குருசுவிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சட்டியோடு வந்த எஸ்தர் மீனைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"என்ன புஷ்பம், வண்டி நின்னு போச்சா? யாரு தள்ளிக்கிட்டு வந்தது?"

"யாரும் தள்ளல. ஓட்டிக்கிட்டுத்தான் வாறேன்."

"அப்ப பின்னால நடந்து வந்த ஆளு எங்க?"

அன்னபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். மணலில் முன்சக்கரத்தின் கோடு பாம்பு போன தடமாக வந்துகொண்டிருந்தது. அதற்குச் சற்று இடப்புறமாக, பின்சக்கரத்தின் தடம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மனிதனின் காலடிகள் வந்துகொண்டிருந்தன. வெறுங்கால். வலது, இடது, வலது, இடது. தேரி மேட்டிலிருந்து இறங்கி, வேலிக்காத்தான் புதரைச் சுற்றி, எஸ்தரின் வேப்பமரம் வரை வந்து, வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியில் முடிந்தன. அவள் வண்டியைக் கிளப்பி வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், காலடிகளும் சுற்றின. வேகமாக ஓட்டிப் பார்த்தாள், அப்போதும் காலடிகளுக்கு நடுவே இருந்த தூரம் கூடவில்லை, நிதானமாக நடக்கிறவனின் அடிதான். இறங்கி டயரைக் கையால் தொட்டாள். ரப்பர்தான், பட்டன்தான், சுட்டது.

"சாளை நல்லாருக்கு," என்றாள் எஸ்தரிடம். "எடுத்துக்கிடுதியா?"

செய்தி அவளுக்கு முன்னால் நடுவக்குடியிருப்புக்குப் போயிருந்தது. தேரியில் பிறந்தவர்களுக்குக் காலடி முகத்தைப் போல; எந்த ஆடு யாருடையது, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடியது என்று மணலைப் பார்த்தே சொல்வார்கள். வளவுக்கு முன்னால் கூடியவர்கள் குனிந்தும் குத்தவைத்தும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் விளக்குமாற்றோடு வந்த கனியம்மாள் அவர்களை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இடது காலின் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகி நின்றது, வலது குதிகால் உள்பக்கம் அழுந்தியிருந்தது.

"சுயம்பு," என்றாள், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

அவன் ஏன் சக்கரத்தில் வருகிறான் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்டார்கள். கோயில் பூசாரி வந்து பார்த்து எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார், சர்ச் ஐயர் வந்து பார்த்து ஜெபம் பண்ணச் சொன்னார், இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்துவிட்டுப் போனார்கள். வேலித் தகராறில் சுயம்புவோடு முகம் பார்ப்பதை நிறுத்தியிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் ஒருநாள் காலடிகளுக்கு எதிரே நின்று பழைய வசவையெல்லாம் திட்டித் தீர்த்தார், மறுநாள் வந்து அந்த வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார். ஆடு மேய்க்கிறவர்கள் காலடிகளை மிதிக்காமல் ஆடுகளை ஒதுக்கி ஓட்டினார்கள். காலையில் பெண்கள் பாதையைப் பெருக்கி நீர் தெளித்து வைத்தார்கள், ஈர மணலில் விரல்கள் நன்றாகப் பதியும் என்று. சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து காலடியைப் படித்தார்கள்: இன்றைக்குக் குதிகால் ஆழமாக இருக்கிறது, எங்கேயோ சுமை தூக்குகிறான், இன்றைக்கு விரல்கள் பரந்து கிடக்கின்றன, சந்தோஷமாக இருக்கிறான், இன்றைக்கு வலது கால் லேசாக இழுக்கிறது, பரோட்டாக் கல்லுக்கு முன்னால் விடிய விடிய நின்றிருப்பான், பாவம்.

மீன் பெட்டியில் அன்னபுஷ்பம் வைக்காத பொருள்கள் வரத் தொடங்கின. வாழையிலையில் மடித்த அதிரசம், புது லுங்கி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. "அவன்ட்ட குடுத்துரு" என்பார்கள். யாரிடம் கொடுப்பது என்று அவள் கேட்டதில்லை. அதிரசத்தைப் பசித்தபோது தின்றாள், லுங்கியை வண்டி துடைக்க வைத்துக்கொண்டாள், செருப்பைக் கனியம்மாளின் கதவருகே வைத்துவிட்டு வந்தாள். ஊர்த் தலைவர் வைகுண்டம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை மஞ்சள் இடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய கல்யாணங்களில் அவள் பந்தலின் ஓரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். உலக்கையைக் கையில் கொடுத்து, "என்ன இருந்தாலும் ஒம்புருசன் ஒம்பின்னாலயே வாறான், குடுத்து வெச்சவ" என்றார்கள். அவள் இடித்தாள்.

கனியம்மாள் தினமும் வெயில் தாழ்ந்ததும் வளவிலிருந்து கிளம்பி, அன்றைய காலடிகளுக்குப் பக்கத்தில் தேரி மேடு வரை நடந்து போவாள். போகும்போது பேசிக்கொண்டே போவாள், கிணற்றில் தண்ணீர் குறைந்ததை, முருங்கை ஒடிந்ததை, ரேஷன் அரிசியில் புழு வந்ததை. ராத்திரிக் காற்று எல்லோருடைய காலடிகளையும் அழிப்பது போல அவனுடையதையும் அழித்துவிடும்; அதனால் அவளுக்குத் தினமும் புதிதாகப் பேச வேண்டியிருந்தது.

ஆனால் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. அன்னபுஷ்பத்தின் வலது தோளில் ஒரு வலி வந்து குடியேறி, தூங்கும்போதும் போகாமல் இருந்தது. பொன்சிங் சொன்ன ஒரு வாரம் போய், மாதம் போய், அவள் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அவன் வேறு ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

"கோட்டம் எடுத்துத் தா பொன்சிங்கு."

"மயினி, நான் ரிம்மைத் தள்ளி வெச்சு அண்ணன் போயிட்டான்னா, ஊருக்குள்ள நான் எப்படி நடமாடுதது?"

"நான் எப்படி வண்டி ஓட்டுதேன்னு நீ கேக்கவே இல்லியே?"

அவன் வண்டிக்கு அடியிலிருந்து வரவில்லை.

வெயில் காலம் வந்தபோது வைகுண்டம் அவளைக் கடை வாசலில் நிறுத்தினார். "வெறுங்கால்ல நடக்கான்ம்மா. உச்சி வெயில்ல தேரி மணல்ல நீ ஒரு அடி வெச்சுப் பாரு, தோலு உரிஞ்சு போவும். பன்னண்டுல இருந்து நாலு வரைக்கும் வண்டிய எடுக்காத."

"வள்ளம் கரைக்கு வாறதே ஒம்பது மணிக்கு மேல அண்ணாச்சி. ஏலம் முடிஞ்சு நான் கெளம்பும்போது உச்சியாயிருதே."

"வெயில் தாழ வா. மீனு எங்க ஓடிரப் போவுது?"

மீன் ஓடவில்லை, கெட்டுப்போனது. கடற்கரையில் ஒரு படகின் நிழலில் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த மத்தியானங்களில் ஐஸ் தண்ணீராகிப் பெட்டியின் ஓட்டை வழியே மணலில் இறங்கியது. சாயங்காலம் அவள் போய்ச் சேரும்போது குருசுவிளைக்காரர்கள் சாலை வழியாக மினி வேனில் வருகிறவனிடம் மீன் வாங்கிவிட்டு, அவளிடம் சுயம்புவின் காலடியை மட்டும் விசாரித்தார்கள். எஸ்தர் ஒருத்திதான் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இத எப்படி வாங்கட்டும் புஷ்பம், நீயே சொல்லு" என்றாள்.

ஒருநாள் அவள் காத்திருக்கவில்லை. உச்சி வெயிலிலேயே கிளம்பினாள். பெட்டி நிறையச் சீலா மீனும் பாறை மீனுமாக ஏற்றிக்கொண்டு, யாரும் பார்க்காமல் போய்விடலாம் என்று ஊர்ப்பாதையை விட்டு மேட்டின் மேல் வழியாக வந்தாள். சரிவில் இறங்கும்போது பின்சக்கரம் தன் வழக்கப்படி இடப்பக்கம் இழுத்தது, பெட்டியின் கனமும் அதோடு சேர்ந்துகொண்டது, வலி பிடித்த தோள் விட்டுக்கொடுத்தது. வண்டி அவளையும் இழுத்துக்கொண்டு வேலிக்காத்தான் முள்ளில் போய் விழுந்தது. சைலன்சர் அவள் கெண்டைக்காலில் படிந்து தோலைப் பொசுக்கியது. மீன்கள் சரிவெல்லாம் சிதறி, சிவந்த மணலில் புரண்டு, மசாலா தடவியது போலக் கிடந்தன.

விழுந்த இடத்திலிருந்தே அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். காலடிகள் மேட்டிலிருந்து நிதானமாக இறங்கி வந்திருந்தன. வண்டி சாய்ந்த இடத்துக்கு ஓர் எட்டுப் பின்னால் நின்றிருந்தன, இரண்டு பாதங்களும் ஒன்றாக, அவளைப் பார்த்தபடி. விரல் நுனிகள் அவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தன. காலை வண்டிக்கு அடியிலிருந்து உருவிக்கொள்ளாமல், அது எரிய எரிய, அவள் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவை ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

பிறகு அவளே காலை உருவினாள், அவளே வண்டியை நிமிர்த்தினாள், முதலில் முடியவில்லை, பெட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடி நிமிர்த்தினாள். கழுவினால் தேறக்கூடிய மீனைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினாள். காலடிகளும் கிளம்பின.

நேராகப் பட்டறைக்குப் போய் வண்டியை நிறுத்தி, "இதை நடுவுல கொண்டாந்து வையி. இல்லன்னா சக்கரத்தைக் கழத்தித் தேரியில வீசிருவேன்" என்றாள். கெண்டைக்காலைப் பார்த்த பொன்சிங் எழுந்து நின்றான். ஆனால் அதற்குள் ஊர் வந்துவிட்டது.

வைகுண்டம் நல்ல மனிதர், யாருக்கும் நஷ்டம் வராமல் பேசுகிறவர். "புஷ்பத்துக்கு ஊர்ச் செலவுல வேற சக்கரம் வாங்கித் தருவோம்," என்றார். "இந்தச் சக்கரத்தைக் கோட்டம் மாறாம அப்படியே கழத்திக் கோயில்ல வெச்சிருவோம். வருசா வருசம் கொடைத் திருவிழாவுல எடுத்து, தெருவுல உருட்டுவோம். அவனும் ஊருக்குள்ள இருந்த மாதிரி இருக்கும்."

எல்லோரும் சரி என்றார்கள். ஒருத்தி மட்டும் அன்னபுஷ்பத்தைப் பார்த்து, "ஒனக்கு அவன் வேண்டாமா?" என்று கேட்டாள், குத்தலாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள.

அன்னபுஷ்பம் குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. "நான் விழுந்து கெடந்தேன்," என்றாள் கடைசியில். "அவரு நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. ஓர் எட்டுத்தான் தூரம். வரல."

"சக்கரம் நின்னா அவன் எப்படிம்மா வருவான்?" என்றார் வைகுண்டம்.

"அதான் அண்ணாச்சி. சக்கரம் ஓடினாத்தான் அவரு வாறாரு. ஓட்டுதது நான்."

அப்போது கனியம்மாள் பேசினாள். அவள் கூட்டத்துக்குள் எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"கோட்டத்தை எடுலே பொன்சிங்கு."

"பெரிம்மா..."

"நீங்கள்லாம் அவன் வாறதைப் பாத்தீய. நான் தெனமும் பக்கத்துலயே போயி அவன் நடக்கிறதைப் பாக்கேன். எடது கால் உள்ள மடங்கி மடங்கி விழுது. யாரோ காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி கோணிக் கோணி வாறான். எம்பிள்ளைக்குக் காலுல கொறை கெடையாது. நேரா நடக்க வையி."

"போயிட்டான்னா?" என்றார் வைகுண்டம் மெதுவாக.

"போற பிள்ளையக் கோணலாப் போவச் சொல்லுதியோ?"



பொன்சிங் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். பின்டயரைச் சுற்றி நூலைக் கட்டி, இரண்டு நுனிகளையும் வண்டியின் இரண்டு பக்கமாக முன்சக்கரம் வரை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்றான். ஒரு நுனியை வைகுண்டம் பிடித்தார், இன்னொன்றைப் பூசாரி பிடித்தார். வலப்பக்க நூல் முன்டயரை உரசியது, இடப்பக்க நூல் வெகுதூரம் விலகி நின்றது. முதலில் அவன் புஷ்ஷை மாற்றிப் போட்டுப் பார்த்தான், செயின் கோணிக்கொண்டு கத்தியது, பழையபடி மாட்டினான். பிறகு ஸ்போக்குகளுக்கு வந்தான். இடப்பக்கத்து ஸ்போக்கில் அரைச் சுற்றுத் தளர்த்தி, வலப்பக்கத்து ஸ்போக்கில் அரைச் சுற்று இறுக்கி, அடுத்ததில் தளர்த்தி, அடுத்ததில் இறுக்கி, சக்கரம் முழுக்கச் சுற்றி வந்து, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு அருகே பிடித்துக்கொண்டு உருட்டிப் பார்த்தான். அவசரப்பட்டுவிட்டான் போலிருக்கிறது, சக்கரம் குடிகாரன் போலத் தள்ளாடியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தமுறை கால் சுற்றுக் கால் சுற்றாக. இறுக்கின ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டி அது கொடுக்கிற சத்தத்தைக் கேட்டான். சத்தம் கேட்பதற்காகப் பெண்கள் கைப்பிள்ளைகளின் வாயில் வெல்லத்தை வைத்தார்கள். வெயில் பட்டறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனது. தளர்த்தி, இறுக்கி, தட்டி, உருட்டி, தளர்த்தி, இறுக்கி, தட்டி, உருட்டி, சாக்பீஸ் ரிம்மில் விட்டு விட்டுக் கோடு போட்டது போய், சுற்றி ஒரே மெல்லிய கோடாகப் போட்டது. நூலைப் பிடித்தார்கள். முன்டயருக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி.

"நடுவுல நிக்கி," என்றான் பொன்சிங். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்னபுஷ்பம் கெண்டைக்காலில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். கைப்பிடி தானாக நேரே நின்றது; வலப்பக்கம் பிடித்து இழுத்தே பழகியிருந்த கை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச தூரம் வெறுமனே கிடந்தது. அவள் மெதுவாக ஓட்டினாள், கனியம்மாள் பக்கத்தில் நடந்தாள், ஊர் பின்னால் வந்தது. காலடிகள் இருந்தன. முன்சக்கரத்தின் கோடு நடுவே ஓட, அதற்கு இந்தப் பக்கம் வலது, அந்தப் பக்கம் இடது, மடங்காமல், கோணாமல், முழுப் பாதமும் பதிய. "மாப்பிள்ளை மாதிரி நடக்கான்" என்றாள் ஒருத்தி. கனியம்மாளின் நடையும் அந்தக் காலடிகளின் நடையும் ஒன்றாக இருந்தன.

தேரியின் நடுவே தார்ச்சாலை குறுக்கே போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ கூவினார்கள். அன்னபுஷ்பம் வண்டியை நிறுத்தித் திரும்பினாள். பின்சக்கரத்தின் தடத்தில் டயரின் பட்டன்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. அந்தச் சக்கரத்தின் சொந்தத் தடத்தை ஊர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. காலடிகள் அதிலிருந்து இறங்கியிருந்தன. இறங்கி, உடனே போய்விடாமல், டயர் தடத்துக்குப் பக்கத்திலேயே, அதற்குச் சமமாக, சில எட்டுகள் நடந்திருந்தன. கல்யாணமான புதிதில் கோயிலுக்கும் சந்தைக்கும் போகும்போது சுயம்பு முன்னால் போவான், அவள் பின்னால் போவாள். இந்த மாதங்களில் அவள் முன்னால் போனாள், அவன் பின்னால் வந்தான். பக்கத்தில் பக்கத்தில் அவர்கள் நடந்தது இந்தச் சில எட்டுகள்தான். அதற்கப்புறம் காலடிகள் திரும்பி, தார்ச்சாலையின் ஓரம் வரை போய், கடைசியாக ஒரு வலது காலைப் பதித்துவிட்டு, தாரில் ஏறிவிட்டன. தாரில் யாருடைய காலடியும் தெரிவதில்லை.

அன்னபுஷ்பம் கொஞ்ச நேரம் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, தோளில் குடியிருந்த வலி ஏதோ சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புவது போல மட்டும் இருந்தது.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. பொன்சிங்தான் அவனை விரட்டினான் என்று சிலரும், பொன்சிங்தான் அவனைத் திருத்தினான் என்று சிலரும் சொன்னார்கள். கொஞ்ச நாள் தார்ச்சாலை ஓரத்தில் அதிரசமும் தண்ணீரும் வைத்துப் பார்த்தார்கள், காக்கை தின்றது. எந்த பஸ்ஸில் ஏறியிருப்பான் என்று கடை வாசலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். உச்சி வெயிலில் வண்டி ஓட்டக் கூடாது என்பதை யாரும் நீக்கவில்லை, ஆனால் அன்னபுஷ்பம் ஓட்டினாள், யாரும் தடுக்கவில்லை, மீன் கெடாமல் வந்தது, எஸ்தர் சட்டியோடு வந்தாள். அடுத்த கல்யாணத்தில் அவளை மஞ்சள் இடிக்கக் கூப்பிடுவதா வேண்டாமா என்று பெண்களுக்குக் குழப்பம் வந்து, கூப்பிட்டார்கள். மீன் இருக்கிறது, நேரமில்லை என்று சொல்லிவிட்டாள்.

கனியம்மாள் சாயங்காலத்தில் நடந்து போவது நின்றது. வளவில் உட்கார்ந்து விளக்குமாற்றின் ஈர்க்குகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் அன்னபுஷ்பம் வண்டியை வெளியே தள்ளியபோது, தலையைச் சீவி, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வாறேன்."

"எங்க அத்தை?"

"கடக்கரைக்கு. நீ கொண்டாற சாளையில பாதி முந்தின நாளு சாளை. ஏலக்காரன் ஒன்ன ஏமாத்துதான். ஒனக்குச் செவுளு பாக்கத் தெரியல."

அன்னபுஷ்பம் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டி, நடுவில் கோணிப்பையை மடித்துப் போட்டாள். கனியம்மாள் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து வண்டியில் ஏறி, மருமகளின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் மேட்டில் "ஐயோ" என்றாள், இரண்டாவது மேட்டில் "மெல்ல" என்றாள், மூன்றாவது மேட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரையில் ஏலக்காரனை அவன் பாட்டனார் காலத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டி, கூடையைத் தலைகீழாகக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு மீனாகக் கண்ணைப் பார்த்துப் பொறுக்கினாள். பெட்டி நிறைந்தபோது உச்சி வெயிலாகிவிட்டது.

திரும்பும்போது இரண்டு பேரின் கனமும் பெட்டியின் கனமும் சேர்ந்தும் வண்டி நேராகவே வந்தது. தார்ச்சாலையைக் கடக்கிற இடத்தில் கனியம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நிப்பாட்டு."

சாலையின் நடுவில் அன்னபுஷ்பம் நிறுத்தினாள். ஒரு பக்கம் திருச்செந்தூர், மறுபக்கம் கன்னியாகுமரி, இரண்டு பக்கமும் தார் வெயிலில் உருகித் தண்ணீர் போலப் பளபளத்தது. வண்டி எதுவும் வரவில்லை. கனியம்மாள் நெற்றியில் கையை வைத்து ஒரு பக்கம் பார்த்தாள், பிறகு மறுபக்கம் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்ட்டி போயிருப்பான்?"

"தெரியல அத்தை."

கனியம்மாள் இன்னும் ஒருமுறை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கையை இறக்கி மருமகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, வண்டிய எடு," என்றாள். "ஐஸு கரையுது."